கடைசித் தேர்வுக்குப் பிறகு: ராமநாதபுரம் கடலோரத்துப் பிளஸ் டூ மாணவி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பதினேழு வயது மாணவி. பிளஸ் டூ, கணிதம்–உயிரியல் பிரிவு, தமிழ் வழி. மன்னார் வளைகுடா ஓரத்தில் ஒரு மீனவக் கிராமம். கடைசித் தேர்வு மார்ச் மாதக் கடைசியில் முடிந்தது. ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து அம்மாவும் அத்தையும் சேர்ந்து அந்தப் பிள்ளையை என்னிடம் அழைத்து வந்தார்கள். "பரீட்சை நேரத்துல எல்லாம் நல்லாத்தான் இருந்தா டீச்சர். முடிஞ்சப்பறம்தான் இப்படி ஆயிட்டா" என்றார் அம்மா.

பள்ளிகளுக்கு ஆலோசகராகப் போய்வரும் எனக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. தேர்வுக்கு முன்னால் வரும் பயத்துக்குக் கூட்டம் போடுகிறோம், மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறோம், ஊக்கப் பேச்சாளரைக் கூப்பிடுகிறோம். கடைசித் தாள் முடிந்த மறுநாள் பள்ளி பூட்டிவிடுகிறது. அதன் பிறகு அந்தப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க யாருக்கும் பொறுப்பு கிடையாது. அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்று ஆசிரியர்களும் பெற்றோரும் அறிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மாணவியும் பெற்றோரும் சம்மதித்திருக்கிறார்கள். அடையாளம் தெரியும்படியான விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தபோது இருந்த நிலை

இரவு இரண்டு மூன்று மணிக்கு முன்னால் தூக்கம் வருவதில்லை. எழும்போது மதியம் பன்னிரண்டைத் தாண்டிவிடும். காலைச் சாப்பாடு இல்லை, மதியம் இரண்டு வாய். தலைவலி. தலை சீவும்போது முடி கொத்தாக வருகிறது என்று அம்மாவுக்குத் தனிக் கவலை. தம்பி டிவி சத்தத்தைக் கூட்டினால் எரிந்து விழுகிறாள், அப்புறம் அதற்காகவே அழுகிறாள். தோழிகள் போன் செய்தால் எடுப்பதில்லை. கதைப் புத்தகம் பிடிக்கும் என்று அத்தை வாங்கிக் கொடுத்தது அப்படியே கிடக்கிறது. "லீவுதான, நல்லா ரெஸ்ட் எடு" என்று எல்லாரும் சொல்ல, அவள் படுத்தே இருந்தாள். படுக்கப் படுக்கச் சோர்வு கூடியது.

என்னிடம் முதலில் அவள் சொன்னது: "எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல டீச்சர்." பரீட்சையைப் பற்றியோ மார்க்கைப் பற்றியோ அப்போது ஒரு வார்த்தை வரவில்லை.

வீடு, ஊர், தடைக்காலம்

அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அம்மா கருவாடு காயவைக்கிறார். அப்பத்தா, தம்பி, இவள். ஒரு கூடம், ஒரு அடுப்படி, முன்னால் கீற்றுக் கொட்டகை. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் கல்லூரிக்குப் போனவர் யாரும் இல்லை. பத்தாம் வகுப்பில் பள்ளி முதல் மதிப்பெண் வாங்கியவள் என்பதால் ஊரே இவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கலாம் ராமேஸ்வரத்தில் பிறந்து ராமநாதபுரத்தில் பள்ளிப் படிப்புப் படித்தவர். நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய பெருமை, பெரிய தெம்பும்கூட. ஆனால் மேடைக்கு மேடை அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி, சில பிள்ளைகளின் தலையில் அதையே சுமையாக ஏற்றிவிடுகிறோம் என்பது என் எண்ணம்.

இந்த வீட்டில் நான் முக்கியமாகப் பார்த்தவை இரண்டு.

பிளஸ் டூ தொடங்கியதிலிருந்து அவளை எந்த வேலையும் செய்ய விடவில்லை. தண்ணீர் எடுக்கப் போக வேண்டாம், பாத்திரம் தொட வேண்டாம், மீனுக்கு உப்புப் போட வேண்டாம். "நீ படி, நாங்க பாத்துக்கிறோம்." அன்பினால் செய்ததுதான். கருவாடு காயவைக்கும் வேலையில் ஒரு கை குறைந்தால் அம்மாவுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்கு அந்த அன்பின் விலையும் தெரியும். ஆனால் ஒரு வருடம் இப்படிப் போனதில், அந்த வீட்டில் அவளுக்கு இருந்த இடம் படிப்பு ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. கடைசித் தாள் முடிந்த அன்று அந்த இடமும் காலியானது. பழைய வேலைகளை அதற்குள் மற்றவர்கள் பழகிக்கொண்டார்கள். அவள் அடுப்படிக்குள் போனால், "நீ ஏன்டி வர்ற, போய்ப் படு" என்று அப்பத்தா திருப்பி அனுப்புகிறார்.

இரண்டாவது, மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்கான காலம் அது. பிளஸ் டூ ரிசல்ட் மே மாதத்தின் முதல் பாதியில் வரும். அதாவது பிள்ளைகள் முடிவுக்காகக் காத்திருக்கும் வாரங்களில்தான் இந்தக் கரையில் அப்பாக்கள் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறார்கள். வருமானம் இல்லை. அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். படகு முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தலைக்கு மேல் நிற்கிறது. ஜூனில் கல்லூரிச் செலவு வரும். பொழுதுக்கும் கொட்டகையில் வலையோடு உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு மகள் கண்ணெதிரே நடமாடும்போது கேட்கத் தோன்றுவது ஒன்றுதான்: "எவ்வளவு வரும் தாயி?"

தேர்வு மாதங்களில் அவர் கடலில் இருந்தார், கேட்க ஆளில்லை. இப்போது தினமும் கேட்டார். திட்டவில்லை, மிரட்டவில்லை. ஆசையாகத்தான் கேட்டார். அவளுக்கோ ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசைந்தது.

நோட்டின் கடைசிப் பக்கம்

அடுத்த சந்திப்புக்கு வரும்போது வேதியியல் நோட்டைக் கொண்டுவந்தாள். நான் கேட்கவில்லை, அவளாகவே எடுத்து நீட்டினாள். கடைசிப் பக்கத்தில் நீளவாக்கில் எண்கள். ஒரு மதிப்பெண் வினா பதினைந்து, இரண்டு மதிப்பெண் ஆறு, மூன்று மதிப்பெண் ஆறு, ஐந்து மதிப்பெண் ஐந்து, ஆக 70. அதற்குப் பக்கத்தில் தனக்கு எவ்வளவு கிடைக்கும் என்று ஒரு வரிசை. அதற்கும் பக்கத்தில் இன்னொரு வரிசை. 61, 58, 62, 57, மறுபடி 61. யூடியூபில் யாராவது புது விடைக்குறிப்பு போட்டால் ஒரு புது வரிசை. பேனாவை அழுத்தி அழுத்தி எழுதியதில் தாளின் பின்பக்கம் விரலால் தடவினாலே எண்கள் தட்டுப்பட்டன. ஒரு கேள்வி எண்ணைச் சுற்றி மட்டும் வட்டம் மேல் வட்டம். அந்த ஒரு மதிப்பெண் வினாவுக்கு 'ஆ' எழுதினோமா 'இ' எழுதினோமா என்று அவளுக்கு நினைவில்லை. இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து செய்தது இதைத்தான்.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவள் ஒரு வேலையும் செய்யாமல் படுத்திருந்தாள். அவள் மனதோ தேர்வு அறையை விட்டு இன்னும் எழுந்து வரவில்லை. இது ஓய்வே ஆகாது. எழுதியாகிவிட்டதால் திருத்தவும் முடியாது, முடிவு வராததால் விடவும் முடியாது. காத்திருக்கும் அந்த ஆறு ஏழு வாரத்தையும் தேர்வுக் காலத்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மதிப்பீடு

மனச்சோர்வை அளக்க உதவும் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தைத் தமிழில் கேட்டேன். 0 முதல் 27 வரை மதிப்பெண் உண்டு, 10-ஓ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டிய அளவு. இவளுக்கு 14. படிவம் மட்டும் நோயைச் சொல்லிவிடாது. எவ்வளவு நாளாக, எந்த அளவுக்கு அன்றாடத்தைப் பாதிக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒன்பதாவது கேள்வி உயிரை விடும் எண்ணம் பற்றியது. அதை நான் சுற்றி வளைத்துக் கேட்பதில்லை. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. நேராகக் கேட்பது பிள்ளைக்கு ஆறுதலாகவே இருக்கும். அவள் கொஞ்ச நேரம் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "தூங்கி எந்திரிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு சில நேரம் தோணும். ஆனா எதுவும் பண்ணிக்கணும்னு நெனச்சதில்ல" என்றாள். இப்படி ஒரு வார்த்தை வந்துவிட்டால் அதைப் பெற்றோரிடம் மறைக்க முடியாது என்று அவளிடம் சொல்லி, அவள் முன்னிலையிலேயே அம்மாவிடம் பேசினேன். வீட்டில் ஆபத்தான பொருள்களைக் கைக்கு எட்டாமல் பூட்டி வைப்பது, இரவில் அவள் அப்பத்தா பக்கத்தில் படுப்பது, மனம் கனக்கும்போது யாரிடம் முதலில் சொல்வது, அவர் இல்லையென்றால் யார் என்பதையெல்லாம் அன்றைக்கே ஒரு தாளில் எழுதினோம். 24 மணி நேரமும் தமிழில் பேசக்கூடிய 14416 என்ற டெலி மானஸ் இலவச மனநல உதவி எண்ணும் அதில் உண்டு.

உடம்பையும் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.6. இந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை வயிற்றைப் புரட்டுகிறது என்று பிளஸ் டூ முழுக்க அவள் போடவில்லை. இவள் மட்டுமா, பெண் பிள்ளைகள் பலர் அதை ஜன்னல் வழியாகத்தான் போடுகிறார்கள். சோர்வு, தலைவலி, படபடப்பு, முடி கொட்டுவது எல்லாவற்றிலும் ரத்தசோகைக்கும் பங்கு இருக்கும். மனசு சரியில்லை என்று மட்டும் நினைத்து இதை விட்டிருந்தால் பாதிப் பிரச்சினை அப்படியே நின்றிருக்கும்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவரிடம் அனுப்பிக் கருத்துக் கேட்டேன். நெருக்கடியான சூழலை ஒட்டி வந்த அனுசரிப்புக் கோளாறு, அதோடு ரத்தசோகை, தூக்கச் சுழற்சி தள்ளிப்போனது என்பது அவர் முடிவு. மன அழுத்த மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், இரண்டு வாரத்தில் திரும்பக் காட்டுங்கள், எண்ணங்கள் கூடினால் உடனே வாருங்கள் என்றார். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் பர்ன்அவுட், அதாவது வேலை அழுத்தத்தில் தெம்பெல்லாம் தீர்ந்துபோவது, என்று சொல்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் அந்தச் சொல் பணியிடத்துக்கு மட்டும் உரியது. படிக்கிற பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டு ரத்தம் பார்க்காமலும் அந்த ஒன்பதாவது கேள்வியைக் கேட்காமலும் அனுப்பிவிடக் கூடாது.

ஏர்வாடி என்ற பேச்சு

மூன்று வாரம் ஏன் தாமதம் என்று கேட்டேன். அப்பாதான் பதில் சொன்னார். "மனசுக்கு டாக்டர்னு போனா, ஊர்ல ஏர்வாடி கேஸுன்னுருவாங்க. பொம்பளப் புள்ள." மனநலம் சரியில்லாதவர்களைத் தர்காவுக்கு அழைத்துவந்து தங்கவைக்கும் ஊர் ஏர்வாடி. நம் கடற்கரையில் இந்தப் பயத்துக்கு ஆழமான காரணம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் வெளியேற முடியாமல் இறந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் இன்றைக்குப் பெற்றோர். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருத்துவமும் கிடைக்க ஏற்பாடு இருக்கிறது. இதையெல்லாம் அவரிடம் பொறுமையாகச் சொன்னேன். உங்கள் மகள் எந்தக் காப்பகத்துக்கும் போகப்போவதில்லை, வாரம் ஒரு முறை பேச வரப்போகிறாள், அவ்வளவுதான் என்றும் சொன்னேன்.

அப்பத்தா கண் பட்டிருக்கிறது என்று மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டிருந்தார், கையில் கயிறும் கட்டியிருந்தார். அதை நான் அவிழ்க்கச் சொல்லவில்லை. அந்த வீட்டில் மார்க்கைப் பற்றிப் பேசாமல் அவளைத் தொட்டுப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

செய்தது

முதலில் தூக்கம். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். தேர்வு மாதங்களில் அவள் தூங்கியது நாலைந்து மணி நேரம். பதின்ம வயதில் உடம்பின் கடிகாரம் இயல்பாகவே இரவு தள்ளிப்போகும். இருட்டு அறையில் மதியம் வரை படுத்தால் இன்னும் தள்ளிப்போகும். சீக்கிரம் தூங்கு என்று சொல்லிப் பயனில்லை, தூக்கத்தை யாராலும் வரவழைக்க முடியாது. எழும் நேரத்தை மட்டும் நிலைநிறுத்த முடியும். அதற்கு அந்த ஊரிலேயே வழி இருந்தது. காலையில் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ஊத்துக்குப் போகிறார்கள். மணலில் தோண்டிய குழியில் நல்ல தண்ணீர் ஊறும், அகப்பையால் மொண்டு நிரப்ப வேண்டும். ஆறு மணிக்கு அம்மாவோடு அவளும் போக வேண்டும், எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும். வெளிச்சம் கண்ணில் படும், கால் நடக்கும், நாலு பேர் முகம் தெரியும். முதல் சில நாள் அழுதுகொண்டே போனாள். பகலில் அரை மணிக்கு மேல் தூங்கக் கூடாது, மாலைக்கு மேல் டீ கூடாது, செல்போன் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டி மேல். இரண்டாவது வாரத்தில் பதினொன்றரைக்குத் தூக்கம் வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைக்கு மனச்சோர்வு, அதனால் வீட்டு வேலை கொடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலையைப் பழகட்டும் என்று அடுப்படியில் விட்டு, அப்படியே படிப்பையும் நிறுத்திய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், மனம் கொதித்திருக்கிறேன். அதனால் நிபந்தனை போட்டோம். வேலையை அவள் தேர்ந்தெடுக்க வேண்டும். யாரோடாவது சேர்ந்து செய்வதாக இருக்க வேண்டும். அரை மணி, முக்கால் மணியில் முடிந்துவிட வேண்டும். சோர்ந்த மனம் தெம்பு வந்த பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருக்கும், அந்தத் தெம்பு வராது. சின்னதாக ஒன்றைச் செய்து முடித்த பிறகே கொஞ்சம் வரும். மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் நன்றாகச் சோதித்துப் பார்த்த முறை இது.

தண்ணீர் தவிர அவள் தேர்ந்தெடுத்தது என்னை வியக்கவைத்தது. சின்ன வயதில் அப்பாவுக்கு வலை ஊசியில் நூல் சுற்றிக் கொடுப்பாளாம். அதைக் கேட்டாள். "வல வேலையெல்லாம் உனக்கு எதுக்கு" என்று அப்பா முதலில் தயங்கினார். அவரைத் தனியாகச் சந்தித்துப் பேசினேன். நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பற்றி, அவள் அனுமதியோடு, சொன்னேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தானும் இரவில் தூங்காமல் கணக்குத்தான் போட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். முன்பணம் எவ்வளவு, வட்டி எவ்வளவு, ஜூன் 15-ல் படகு போனால் முதல் பங்கு எவ்வளவு வரும் என்று. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேர் தனித்தனியாக விடிய விடியக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்கள். அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: ரிசல்ட் வரும் வரை மார்க் பற்றிய கேள்வி வேண்டாம். "அப்ப என்னத்தப் பேசுறது?" என்று கேட்டார். பேசவே வேண்டாம், நூலைச் சுற்றிக் கொடுக்கட்டும் என்றேன்.

மாலையில் ஒரு மணி நேரம் கொட்டகையில் அப்பா கிழிசலைச் சரிசெய்வார், அவள் ஊசியில் நூல் ஏற்றிக் கொடுப்பாள். ஊசி காலியாகக் காலியாக நிரப்ப வேண்டும் என்பதால் கண்ணும் கையும் அங்கேயே இருக்கும், எண்களுக்கு இடமில்லை. சில நாளில் அவர் படகுக் கதை சொல்ல ஆரம்பித்தார். மார்க்கைக் கேட்காத அப்பாவைத் தடைக்காலம் தொடங்கிய பிறகு அவள் அப்போதுதான் பார்த்தாள்.

கூட்டிப் பார்ப்பதை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்து என்றால் மனம் இன்னும் அதையே பிடித்துக்கொள்ளும். அதற்கு ஒரு நேரம் வைத்தோம். சாயந்திரம் ஐந்து மணிக்கு இருபது நிமிடம், உட்கார்ந்து, நோட்டில். மற்ற நேரத்தில் நினைப்பு வந்தால், ஐந்து மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்கே சொல்லித் தள்ளிப்போட வேண்டும். விடைக்குறிப்பு வரும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினாள். முதல் வாரம் இருபது நிமிடம் போதவில்லை. அப்புறம் பத்து நிமிடத்திலேயே சலித்துவிட்டது என்றாள்.

சாப்பாடும் மாத்திரையும்: தினமும் இரும்புச்சத்து மாத்திரை, சாப்பிட்ட பிறகு, டீயோடு சேர்க்காமல். அந்த மாதத்தில் நுங்கு தாராளமாகக் கிடைக்கும். காலையில் சோறு இறங்காத நாளில் நுங்கும் கொஞ்சம் கஞ்சியும் போதும் என்று விட்டோம்.

நடுவில் ஒரு சறுக்கல் வந்தது. உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்த இடத்தில் வரிசையாக மூன்று பேர் எவ்வளவு வரும் என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை, தண்ணீருக்கும் போகவில்லை. அதற்குப் பிறகு ஒரு பதிலைத் தயார் செய்து, என் முன்னால் பலமுறை சொல்லிப் பழகினாள்: "ரிசல்ட் வரட்டும் மாமா, நானே வந்து சொல்றேன்." அதற்கு மேல் யாராவது கேட்டால் அத்தை பக்கத்தில் வந்து நிற்பார். அத்தைக்கு இந்தப் பொறுப்பு ரொம்பப் பிடித்துப்போனது.

ரிசல்ட் நாள்

இந்த நாளுக்கென்று தனியாகத் திட்டம் வேண்டும். தோல்வி அடைந்த பிள்ளைகளைப் பற்றி மட்டும்தான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். நல்ல மதிப்பெண் எடுத்தும் எதிர்பார்த்தது வராத பிள்ளைகள் அதே அளவுக்கு உடைந்துபோவதை நான் கண்டிருக்கிறேன். சுற்றி எல்லாரும் வாழ்த்திக்கொண்டிருக்கும்போது அவர்களால் அழக்கூட முடியாது.

முடிவை வீட்டில், அம்மாவும் ஒரு தோழியும் பக்கத்தில் இருக்கப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். மூன்று விதமான மதிப்பெண்ணுக்கும், அதாவது நினைத்தது வந்தால், குறைந்தால், ரொம்பக் குறைந்தால், அன்றைக்கு என்ன செய்வது என்று முன்பே பேசி வைத்தோம். மூன்றிலும் மதியச் சாப்பாடு ஒன்றுதான். உறவினர் போனைச் சாயந்திரம் வரை அத்தை எடுப்பார். அன்றிரவும் அடுத்த சில இரவுகளும் அவளைத் தனியாக விடக் கூடாது. 14416 என்ற எண்ணைச் சுவரில் தொங்கும் நாள்காட்டி அட்டையிலேயே எழுதினார்கள். ஒரு பாடத்தில் தவறினாலும் ஜூன், ஜூலையில் துணைத் தேர்வு உண்டு, வருடம் வீணாகாது என்பதை அப்பாவுக்கும் சொல்லி வைத்தேன்.

600-க்கு 527 வந்தது. அவள் 550-ஐத் தாண்டும் என்று நினைத்திருந்தாள். தோழிக்கு இவளைவிட அதிகம். மதியம் நான் போன் செய்தபோது சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதாக அம்மா சொன்னார். அப்பா முதல் நாள் என்னிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டுப் பழகியிருந்தார். அது எதுவும் அவருக்கு வாயில் வரவில்லை. தட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து, "சாப்பிடு தாயி, நானும் இன்னும் சாப்பிடல" என்றிருக்கிறார். சாயந்திரம் ஆறு மணிக்குமேல்தான் சாப்பிட்டாள். மறுநாள் காலை ஊத்துக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாள் போனாள்.

அதன் பிறகு

வேதியியல் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றாள். நகல் வாங்கிய பிறகே மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்க முடியும். பழையபடி எண்களுக்குள் போய்விடுவாளோ என்று அம்மா பயந்தார். நான் வாங்கட்டும் என்றேன். நகல் வந்தது. வட்டம் மேல் வட்டம் போட்ட அந்தக் கேள்விக்குச் சரியாகத்தான் எழுதியிருந்தாள். மதிப்பெண் போனது சந்தேகமே படாத இரண்டு ஐந்து மதிப்பெண் விடைகளில், பாதி எழுதி விட்ட படிகளில். மறுமதிப்பீடு வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். இரவெல்லாம் தேடிய பதிலைக் கண்ணால் பார்த்ததும் அதன் பிடி தளர்ந்துவிட்டது. எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். இவளுக்கு உதவியது.

ஜூன் நடுவில் பிஎச்க்யூ-9 மதிப்பெண் 6. எழுந்திருக்காமலே போய்விட்டால் நல்லது என்ற எண்ணம் மே கடைசிக்குப் பிறகு வரவில்லை என்றாள். மனநல மருத்துவர் மாத்திரை இல்லாமலே தொடரலாம் என்றார். ஹீமோகுளோபின் ஏறிவருகிறது, மாத்திரை இன்னும் சில மாதம் தொடர வேண்டும். தடைக்காலம் முடிந்து அப்பா கடலுக்குப் போய்விட்டார், கொட்டகையில் வலை வேலை நின்றுவிட்டது. அந்த மாலை நேரத்துக்கு அவள் தம்பிக்குக் கணக்குச் சொல்லித் தர ஆரம்பித்திருக்கிறாள், அடிக்காமல், திட்டாமல் என்று தம்பியே சாட்சி சொன்னான். அரசு கலைக் கல்லூரியில் அறிவியல் பட்டப்படிப்பில் இடம் கிடைத்தது. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பஸ் செலவுக்கும் நோட்டுக்கும் அது ஆகும் என்று அப்பா அதை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிட்டார்.

தீராதவையும் உண்டு. விடுமுறை நாளில் தூக்க நேரம் மறுபடி தள்ளிப்போகிறது. அந்தத் தோழியோடு பேச்சு இன்னும் முழுதாகச் சேரவில்லை. கல்லூரியில் முதல் உள்தேர்வு அறிவித்தால் அதற்கு ஒரு வாரம் முன்பும், முடிந்த மறுவாரமும் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். முன்பு வருவதைவிட அந்த மறுவாரம் வருவதுதான் முக்கியம் என்று அம்மாவிடம் அழுத்திச் சொன்னேன்.

பள்ளியிலும் பேசினேன். அடுத்த ஆண்டு முதல், கடைசித் தேர்வு முடிந்த இரண்டாவது வாரத்தில் வகுப்பாசிரியர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கி எழுகிறது, சாப்பாடு எப்படி, யாரோடு பேசுகிறது. எப்படி எழுதியிருக்கிறாள் என்ற கேள்வி அந்தத் தாளில் கிடையாது. பதில் சரியில்லை என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று என் எண்ணும் 14416-உம் கீழே இருக்கின்றன.